பெஞ்சமின் பட்லரை ஒரு மணி நேரத்தில் சொல்வது எப்படி: படிப்பகக் கூட்டத்துக்கு ஒரு செய்முறை

வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் பக்கத்துப் படிப்பகங்களில் மே தினக் கூட்டம் என்றால் சிகாகோ ஹேமார்க்கெட் கதை, அதாவது 1886-ல் அங்கே தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்ததற்காகத் தலைவர்களைத் தண்டித்த கதை, கட்டாயம் வரும். தூக்கு மேடை ஏறிய நால்வரின் பெயரைச் சொல்வோம். 1923-ல் சிங்காரவேலர் ஐகோர்ட்டுக்கு எதிர்க் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் மே தினம் கொண்டாடியதைச் சொல்வோம். ஹேமார்க்கெட் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனதையும், 1887 அக்டோபர் கடைசியில் அங்கே தண்டனை பெற்ற ஆகஸ்ட் ஸ்பைஸுக்கும் சாமுவேல் ஃபீல்டனுக்கும் எழுந்து வாதாடியவர் முன்னாள் மேஜர் ஜெனரல், முன்னாள் கவர்னர், முன்னாள் எம்.பி. என்பதையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அவர்தான் பெஞ்சமின் பட்லர். அவர் வாழ்க்கையை அறுபது நிமிடத்தில், ஒரு சுவர் சார்ட்டின் துணையோடு, தப்பில்லாமல் சொல்வதற்கான வழி இது.

முதலில் ஆளைச் சரியாகப் பிடியுங்கள்

முழுப் பெயர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பட்லர். பிறந்தது 1818 நவம்பர் 5, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் டீர்ஃபீல்டு. இறந்தது 1893 ஜனவரி 11, வாஷிங்டன். பிறப்பு இறப்பு ஆண்டுகளை ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகுதான் இணையத்தில் தேட வேண்டும். காரணம், அச்சு அசலாக இதே முழுப் பெயரில் இன்னொரு அமெரிக்க வக்கீல் இருந்தார். அவர் நியூயார்க்காரர், 1795-ல் பிறந்து 1858-ல் இறந்தவர், ஜனாதிபதி ஜாக்சன் காலத்தில் அட்டர்னி ஜெனரல். படம் எடுக்கும்போது தவறு நடப்பது இங்கேதான். நம் ஆளுக்கு வழுக்கைத் தலை, தொங்கு மீசை, ஒரு கண் சற்றுக் கோணல். ராணுவ உடுப்பில் இருக்கும் படத்தை எடுத்தால் குழப்பமே வராது, மற்றவர் ராணுவத்தில் இருந்ததில்லை.

நம் ஊரில் 'பட்லர்' என்றால் துரை வீட்டுச் சமையற்காரர். நோட்டீஸில் வெறும் 'பட்லர் வாழ்க்கை' என்று அடித்தால் வருகிறவர்கள் வேறு எதையோ எதிர்பார்த்து வருவார்கள். 'பெஞ்சமின் பட்லர்' என்றே போடுங்கள்.

மூன்றாவது பெயர்ச் சிக்கல் கோட்டையில் இருக்கிறது. கதையின் மையம் வர்ஜீனியாவில் உள்ள மன்ரோ கோட்டை. அதை 'மன்றோ' என்று எழுதினால், தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோதான் எல்லோர் நினைவுக்கும் வருவார். அவர் 1820 முதல் 1827 வரை மதராஸ் கவர்னர். கோட்டையின் பெயரோ ஜேம்ஸ் மன்ரோ என்ற அமெரிக்க ஜனாதிபதியுடையது. இடையின 'ர' போட்டு எழுதி, வாயாலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

சார்ட்: பத்துத் தாள், மூன்று வரி

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 22-க்கு 28 அங்குல சார்ட் பேப்பர் பத்து வாங்குங்கள். சென்டிமீட்டரில் 56-க்கு 71. ஐந்து தாளை நீளவாட்டில் 2 செ.மீ. மடிப்பு விட்டு ஒட்டினால் 347 செ.மீ. வரும். 1818 தொடக்கத்திலிருந்து 1893 தொடக்கம் வரை 75 ஆண்டு. ஆண்டுக்கு 4 செ.மீ. என்று வைத்தால் 300 செ.மீ., மீதி தலைப்புக்கு. உயரத்தில் 15 செ.மீ. வீதம் மூன்று வரி போடுங்கள்: மேலே வக்கீல், நடுவில் அரசியல், கீழே ராணுவம். அடியில் ஆண்டு எண்களுக்கு 8 செ.மீ. விடுங்கள்.

வக்கீல் வரி 88-வது செ.மீ.-ல், அதாவது 1840-ல் தொடங்கும். ராணுவ வரியில் போர்க்காலம், அதாவது அமெரிக்க வடக்கு மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போர், 173-ல் தொடங்கி 188-ல் முடிந்துவிடும். மூன்று மீட்டரில் வெறும் 15 செ.மீ.! அவரைப் பற்றிப் பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த 15 செ.மீ.-க்குள் நடந்தது. அதற்குள் எழுத முயன்றால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஆகவே போருக்குத் தனித் தாள் போடுங்கள். 1861 ஏப்ரல் முதல் 1865 ஜனவரி வரை 46 மாதம், மாதத்துக்கு 5 செ.மீ., மொத்தம் 230 செ.மீ. நான்கு தாள் ஒட்டினால் 278 வரும், போதும். பத்தாவது தாள், கை தவறினால் மாற்றுவதற்கு.

வண்ணத்தில் கவனம் தேவை. நம் பகுதியில் சிவப்பு, கறுப்பு, நீலம், பச்சை, காவி எது போட்டாலும் ஒரு கொடி நினைவுக்கு வரும், கேள்வி அங்கே போய்விடும். பழுப்பு, ஊதா, சாம்பல் மூன்றும் போதும்.

வக்கீல் வரிதான் முதுகெலும்பு

அவரைத் தளபதி என்று தொடங்கினால் கதை கலைந்துவிடும். ராணுவம் நாலு வருஷத்துக்குள் முடிந்தது. அரசியல் விட்டு விட்டு வந்தது. வக்கீல் தொழில் மட்டும் 1840-ல் தொடங்கிக் கடைசிவரை அறுபடவில்லை. ராணுவத்திலும் சபையிலும் அவர் செய்த பெரிய காரியங்கள் வக்கீல் மூளையிலிருந்து வந்தவை. இதைக் கேட்பவர்கள் தாங்களே சார்ட்டில் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி செய்ய வேண்டும்.

லோவெல் நகரத்திலிருந்து தொடங்குங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பஞ்சாலை ஊர் அது. தகப்பனார் சிறுவயதிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோக, தாயார் லோவெலில் ஆலைத் தொழிலாளிகள் தங்கும் விடுதி நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். பெரம்பூரில் பி அண்டு சி மில்லைச் சுற்றி வளர்ந்த தெருக்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சட்டக் கல்லூரி எதற்கும் அவர் போகவில்லை. ஒரு வக்கீலின் ஆபீசில் உட்கார்ந்து புத்தகம் படித்து, பரீட்சை கொடுத்து, 1840-ல் வக்கீலாகப் பதிவானார். அந்தக் காலத்து அமெரிக்காவில் இது வழக்கமான வழிதான். 'பட்டம் இல்லாமல் வக்கீலா?' என்ற கேள்வி நிச்சயம் வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

ஆலை வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்க வேண்டும் என்ற இயக்கத்தில் அவர் நின்றார். 1853-ல் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். பத்து மணிச் சட்டம் அப்போது நிறைவேறவில்லை. மாசசூசெட்ஸில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது வந்தது 1874-ல். இந்த இடத்தில் சார்ட்டுக்கு அடியில் சின்னதாக நம் கணக்கையும் ஒட்டலாம்: 1911 தொழிற்சாலைச் சட்டத்தில் பஞ்சாலை ஆண் தொழிலாளிக்கு 12 மணி, 1918 ஏப்ரல் 27-ல் மதராஸ் தொழிலாளர் சங்கம், 1934 சட்டத்தில்தான் 10 மணி.

லோவெல் ஆலைக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். தெற்கு மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சு அது. கூடத்தில் ஒரு நிமிடம் அமைதி வரும், வரட்டும்.

மன்ரோ கோட்டை: இதற்கு 20 நிமிடம்

மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கே கொடுங்கள். தொடங்க வேண்டிய இடம் ஒரு படகு. 1861 மே 23 இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று பேர் ஒரு படகில் நீரைக் கடந்து கோட்டைக்கு வந்தார்கள். மூவரும் அடிமைகள். எதிர்க்கரையில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் இருந்தவர்கள். குடும்பத்தை விட்டுத் தூர தெற்கே அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள். வர்ஜீனியா மாநிலம் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோவதற்கு அதே மே 23 அன்றுதான் வாக்கெடுப்பு நடந்தது. பட்லர் கோட்டைக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

இங்கே ஒரு தடுக்கல் உண்டு. அவர்களுக்கு உரிமை கொண்டாடியவர் கர்னல் சார்லஸ் மாலரி, தப்பி வந்தவரில் ஒருவர் ஷெப்பர்ட் மாலரி. எஜமானின் குடும்பப் பெயர் அடிமைக்கும் ஒட்டிக்கொள்வது அப்போது சாதாரணம். சொல்லாமல் விட்டால் இரண்டு பேரும் உறவுக்காரர்கள் என்று நினைத்துக் கதை குழம்பும்.

மறுநாள் வெள்ளைக் கொடியோடு, கர்னல் மாலரிக்காகப் பேச, தெற்குப் படையின் மேஜர் ஜான் கேரி வந்தார். இந்தப் பேச்சுவார்த்தையை இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வசனத்தைச் சொந்தமாக எழுதிக்கொள்ளலாம், வாதத்தின் வரிசை மட்டும் மாறக்கூடாது. கேரி கேட்பது: 1850-ன் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி இவர்களைத் திருப்பித் தரவேண்டியது உங்கள் கடமை. பட்லர்: அது அமெரிக்காவின் சட்டம், நீங்கள் வேறு நாடு ஆகிவிட்டதாகச் சொல்கிறீர்கள், வேறு நாட்டுக்கு அந்தச் சட்டப்படி நான் எதையும் தர வேண்டியதில்லை. கேரி: எங்களால் பிரிய முடியாது என்றுதானே உங்கள் பக்கம் சொல்கிறது, அப்படியானால் சட்டம் எங்களுக்கும் பொருந்த வேண்டும். பட்லர்: பிரிந்துவிட்டோம் என்பது உங்கள் வாக்கு, அதை வைத்துத்தான் உங்களிடம் பேசுகிறேன். இவர்களை வைத்துப் பீரங்கி மேடை கட்டினீர்கள், ஆகவே போர் விதிப்படி பிடித்து வைக்கிறேன். மாலரி இங்கே வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் திருப்பித் தருகிறேன்.

கடைசி வரியைப் பலர் வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். அது இல்லாவிட்டால் பட்லர் அன்றைக்கே விடுதலை வீரர் ஆகிவிடுவார். உண்மையில் இந்த வாதம், மனிதரைச் சொத்து என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் நிற்கிறது. ஒரு மாதம் முன்பு மேரிலாந்தில், அடிமைகள் கிளர்ந்தால் அடக்குவதற்குத் தன் படையைத் தருவதாக அந்த மாநில கவர்னருக்கு எழுதியவரும் இதே பட்லர்தான். 1860-ல் சார்ல்ஸ்டனில் கூடிய கட்சி மாநாட்டில் ஜெஃபர்சன் டேவிஸுக்கு 57 முறை ஓட்டுப் போட்டவர், அந்த டேவிஸ் மறு வருடம் தெற்கின் ஜனாதிபதி ஆனார். இதையெல்லாம் சொன்னால்தான் படகில் வந்த மூவரின் துணிச்சல் தெரியும். அவர்கள் வந்து நிற்காமல் இருந்திருந்தால் வக்கீலுக்கு வாதாட வழக்கே இல்லை.

இப்படிப் பிடித்து வைக்கப்பட்டவர்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'கான்ட்ராபேண்ட்', மொழிபெயர்ப்பில் வழுக்கும் சொல். துறைமுகம் பக்கம் கேட்டால் 'கடத்தல் சரக்கு' என்பார்கள். கஸ்டம்ஸில் அது சரி, இங்கே தப்பு. போர் விதிப்படி, எதிரியின் போருக்கு உதவும் பொருளை வழியில் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள். 'போர்ப் பறிமுதல் பொருள்' என்று எழுதுங்கள். பழைய ஆவணங்களில் இன்று இழிவாகப் படும் சொற்கள் இருக்கும், பேச்சில் 'கறுப்பின மக்கள்' என்றே சொல்லுங்கள்.

செய்தி பரவியது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஜூலை 30-ல் பட்லர் போர் அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் கணக்கு 900 பேர், அதில் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் 225, பெண்கள் 175. பீரங்கி மேடை கட்டாத குழந்தையைப் 'போர்ப் பறிமுதல்' என்று எப்படிச் சொல்வது? தன் வாதம் எங்கே உடைகிறது என்று வக்கீலுக்கே தெரிந்துவிட்டது. இவர்கள் அடிமைகளா, சுதந்திர மனிதர்களா என்று அதே கடிதத்தில் கேட்டார். ஆகஸ்ட் 6-ல், தெற்கின் போருக்கு வேலை வாங்கப்பட்ட அடிமைகள் மேல் எஜமானுக்கு உரிமை இல்லை என்ற பறிமுதல் சட்டம் வந்தது. 1863 ஜனவரி 1-ல் ஜனாதிபதி லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம். போர்த் தாளில் இந்த மூன்று தேதிக்கும் நடுவே கோடு இழுத்து இணையுங்கள்.

பதவிப் பெயர்கள்

பட்லர் சண்டைக்குப் போனபோது மாசசூசெட்ஸ் குடிப்படையில் பிரிகேடியர் ஜெனரல். குடிப்படை மாநிலத்துக்குச் சொந்தமானது. 1861 மே 16 முதல் அவர் தொண்டர்ப் படையின் மேஜர் ஜெனரல். தொண்டர் என்றதும் சம்பளம் இல்லாத வேலை என்று நினைப்பார்கள். சம்பளம் உண்டு, போருக்காகத் திரட்டிய படை என்பதுதான் வேறுபாடு. போர்க் கல்லூரியில் படிக்காத வக்கீலுக்கு இவ்வளவு பெரிய பதவி ஏன்? எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்களும் போரை ஆதரிக்க வேண்டும் என்பது லிங்கனின் தேவை. அதே காரணம்தான் பின்னால் அவர் பதவி போனதையும் விளக்கும்.

நியூ ஆர்லியன்ஸ்: எட்டு நிமிடம், விலகாமல்

1862 மே முதல் டிசம்பர் வரை, வடக்கு பிடித்த அந்தத் தெற்கு நகரம் பட்லர் கையில். அங்குள்ள தங்கசாலையின் மேல் ஏற்றிய அமெரிக்கக் கொடியைக் கிழித்ததற்காக வில்லியம் மம்ஃபோர்டை ஜூன் 7-ல் அதே கட்டிடத்தில் தூக்கிலிட்டார். மின்ட் தெருவைத் தங்கசாலை என்று சொல்லும் நமக்கு இந்தச் சொல் நேராகப் போய்ச் சேரும், 'நாணய அச்சகம்' என்று புதிதாக ஆக்க வேண்டாம். நகரம் முறைப்படி சரணடையும் முன் அவர் கொடியைக் கிழித்தார் என்பதால் தண்டனை சரியா என்ற வாதம் அப்போதே இருந்தது. இரு பக்கத்தையும் சொல்லுங்கள்.

மே 15-ன் பொது ஆணை 28-ஐச் சொல்லக் கூச்சப்பட்டு விடுபவர்கள் உண்டு. வடக்குச் சிப்பாய்களை அவமதிக்கும் பெண்களை விலைமாதரைப் போல நடத்தலாம் என்றது அந்த ஆணை. லண்டன் நாடாளுமன்றம் வரை கண்டனம் எழுந்தது. பெண் பிள்ளைகள் இருக்கும் கூட்டத்திலும் சொல்லலாம், நிதானமாகச் சொல்லுங்கள். அவமானப்படுத்துவதையே ஆயுதமாக்கிய ஆணை என்று வெளிப்படையாகவும் சொல்லுங்கள்.

அதே ஆட்சியில் ஏழைகளுக்குக் கூலி கொடுத்துத் தெருவையும் கால்வாயையும் சுத்தம் செய்ய வைத்தார், கப்பல்களைத் தனிமைப்படுத்தினார். அந்தக் கோடையில் மஞ்சள் காய்ச்சல் பெரிதாக வரவில்லை. காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று 1862-ல் யாருக்கும் தெரியாது. நாற்றம்தான் காரணம் என்று நினைத்துச் செய்த வேலை. கப்பலை நிறுத்தியதுதான் உண்மையில் உதவியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் குப்பை அள்ளினால் மஞ்சள் காய்ச்சல் போகும் என்ற தப்பான பாடம் நிற்கும்.

டிசம்பரில் அவரிடமிருந்து பொறுப்பை வாங்கியவர் நதானியல் பேங்க்ஸ். 1859 கவர்னர் தேர்தலில் பட்லரைத் தோற்கடித்த அதே பேங்க்ஸ். இரண்டு வரியையும் சார்ட்டில் ஒரு நூலால் கட்டிக் காட்டலாம்.

தோல்விகள்

சண்டைக்களத்தில் அவர் சிறந்த தளபதி இல்லை. 1861 ஜூன் 10-ல் பிக் பெத்தலில் தோல்வி. 1864 மே மாதம் பெர்முடா ஹண்ட்ரட் என்ற இடத்தில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே படையோடு இறங்கினார். எதிரி அந்த நிலத்தின் குறுகிய வாயில் அரண் கட்டி அடைத்துவிட்டான். தரையில் சாக்பீஸால் பாட்டில் வடிவம் வரைந்து கழுத்தில் ஒரு கல் வைத்தால் முப்பது வினாடியில் புரியும். அதே ஆண்டு டிசம்பரில் ஃபிஷர் கோட்டைக்குப் பக்கத்தில் வெடிமருந்து நிரப்பிய கப்பலை வெடிக்க வைத்தும் கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. 1865 ஜனவரியில் பதவி போனது. நவம்பரில் லிங்கன் மறுபடி ஜெயித்துவிட்டார், இனி அரசியல் தளபதி தேவைப்படவில்லை.

நடுவில் ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 1864 செப்டம்பர் 29, நியூ மார்க்கெட் ஹைட்ஸ். பட்லரின் படையிலிருந்த கறுப்பினச் சிப்பாய்கள் ஏறிப் பிடித்த மேடு. அந்த ஒரு நாளுக்காக 14 கறுப்பின வீரர்களுக்கு நாட்டின் உயரிய வீரப் பதக்கம் கிடைத்தது. பட்லர் சொந்தக் காசிலும் அவர்களுக்குத் தனிப் பதக்கம் அடித்துக் கொடுத்தார்.

'ண்ணா, அவர் எந்தக் கட்சி?'

இந்தக் கேள்வி வராத கூட்டம் இல்லை. போர் வரை ஜனநாயகக் கட்சி. போருக்குப் பின் குடியரசுக் கட்சி, அதில்தான் 1867 முதல் 1875 வரையும் 1877 முதல் 1879 வரையும் எம்.பி. 1882-ல் மறுபடி ஜனநாயகக் கட்சி ஆதரவோடு கவர்னர் தேர்தலில் வெற்றி. 1884-ல் கிரீன்பேக் கட்சி, அதாவது தங்கத்தோடு கட்டாத காகிதப் பணம் வேண்டும் என்ற கட்சி, அதன் ஜனாதிபதி வேட்பாளர். இன்றைய அமெரிக்கக் கட்சிகளை வைத்து அன்றைய பெயரைப் படிக்கக் கூடாது. அடிமை முறையைக் காத்தது அன்றைய ஜனநாயகக் கட்சியின் தெற்குப் பிரிவு. தேர்தல் ஆண்டையும் பதவி ஆண்டையும் கலக்காதீர்கள்: கவர்னராக ஜெயித்தது 1882 நவம்பர், இருந்தது 1883 ஒரே ஆண்டு, சார்ட்டில் 260 முதல் 264 வரை. அதற்கு முன் 1859, 1860, 1878, 1879 நான்கிலும் தோல்வி.

எம்.பி.யாக மூன்றைச் சொன்னால் போதும். 1868-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மேல் நடந்த பதவி நீக்க விசாரணையில் குற்றம் சாட்டும் தரப்பில் முதல் உரை இவருடையது. செனட்டில் நீக்க வேண்டும் என்று 35, வேண்டாம் என்று 19; மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் ஒரே ஓட்டில் ஜான்சன் தப்பினார். 1871-ல், கறுப்பின மக்களைத் தாக்கிய வெள்ளையர் ரகசியக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானை ஒடுக்கும் சட்டத்துக்கு உழைத்தார். 1875 குடிமை உரிமைகள் சட்டத்தைச் செனட்டர் சார்ல்ஸ் சம்னரோடு சேர்ந்து எழுதியவர் இவர். கவர்னராக இருந்த ஆண்டில் ஜார்ஜ் ரஃபின் என்ற கறுப்பின வக்கீலை நீதிபதியாக நியமித்தார்.

கடைசி 21 செ.மீ.

இப்போது 279-வது செ.மீ.-க்கு வாருங்கள். 1887 அக்டோபர், ஹேமார்க்கெட். ஸ்பைஸ் ஜெர்மனியில் பிறந்தவர், ஃபீல்டன் இங்கிலாந்தில் பிறந்தவர், ஆகவே அந்த நாடுகளோடு செய்த ஒப்பந்தங்கள் அவர்களைக் காக்கும் என்பது பட்லர் எடுத்த வாதங்களில் ஒன்று. மன்ரோ கோட்டையில் 'நீங்கள் வேறு நாடுதானே' என்று கேட்ட அதே மூளை. இந்த முறை பலிக்கவில்லை. அந்த வாதத்தை மாநில நீதிமன்றத்திலேயே எழுப்பியிருக்க வேண்டும் என்று நவம்பர் 2-ல் தள்ளினார்கள். நவம்பர் 11-ல் ஸ்பைஸ் உட்பட நால்வருக்குத் தூக்கு. ஃபீல்டனுக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது.

அரசியல் வரியை 1884 தேர்தலோடு நிறுத்துங்கள். வக்கீல் வரிக்கு மட்டும் 300-வது செ.மீ. வரை வண்ணம் அடியுங்கள், விளிம்பில் வெள்ளை விடாதீர்கள். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பும் அவர் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் வாதாடிக்கொண்டிருந்தார்.